குக்கி என்னும் துண்டுச் சீட்டு



நம் பக்கத்து மளிகைக் கடைகளில் பற்று நோட்டு என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அகலத்தில், மூலை மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து இருக்கும். அது இருப்பது கடையில் அல்ல, வாடிக்கையாளர் வீட்டில். சாமான் வாங்க வரும் பிள்ளை பையோடு நோட்டையும் கொண்டு வரும். கடைக்காரர் தேதி போட்டு, துவரம் பருப்பு அரை கிலோ, புளி கால் கிலோ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாதம் பிறந்ததும் கூட்டிப் பார்த்துப் பணம் வாங்கிக்கொள்வார். ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கணக்கையும் அவர் மனதில் சுமக்க வேண்டியதில்லை. வருகிறவர் தம் கணக்கைத் தாமே எடுத்து வருகிறார்.

இணையத்தில் 'குக்கி' என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இந்த நோட்டுதான். இன்று நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சரக்கு ஆர்டர் போடுவதும், பாங்கிக் கணக்குப் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் இணையத்தில்தான். எந்தத் தளத்தைத் திறந்தாலும் "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்று ஒரு கட்டம் வந்து மறைக்கிறது. அது என்னவென்று கேளாமலே அமுக்கிவிட்டுப் போகிறோம். நாமும் அப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்தோம். 2023 தீபாவளிச் சமயத்தில் 1,40,000 ரூபாய்ச் சரக்கு தவறான கடை வாசலில் போய் நின்றபோதுதான் இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் விஷயம் விளங்க வேண்டும்.

மறதிக்கார சர்வர்

இணையதளம் என்பது எங்கோ ஓரிடத்தில் உள்ள சர்வர் என்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம் மேசையில் இருப்பது பிரவுசர். நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால் பிரவுசர் சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறது. சர்வர் பக்கத்தைக் கொடுக்கிறது. அத்தோடு பேச்சு முடிந்தது. அரை நிமிடம் கழித்து அதே ஆள், அதே கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த பக்கத்தைக் கேட்டால், சர்வரைப் பொறுத்தவரை அவர் முன்பின் தெரியாத புது ஆள்.

இது குறையாகத் தோன்றலாம். ஆனால் தெரிந்தே இப்படி அமைத்தார்கள். ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இந்த வலைக்கான யோசனையை எழுதிக் கொடுத்தபோது, விஞ்ஞானிகள் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப் படிப்பதே நோக்கம். படிக்க வந்தவர் யார், போன தடவை எதைப் படித்தார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. மேலும், யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத சர்வர் பாரமில்லாமல் ஓடும். பத்து சர்வர்களை வரிசையாக வைத்தால் வருகிறவருக்கு எது வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். தீபாவளிக்கு முந்தின நாள் நம் கடையில் கூட்டம் நெருக்கும்போது நான்கு பையன்கள் எடுத்துக் கட்டுகிறார்கள். எந்தப் பையன் எந்த வாடிக்கையாளருக்குக் கட்டுகிறான் என்ற கணக்கு வைத்தால் வேலை ஓடுமா? கையில் சீட்டு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

படிப்பதற்குச் சரி. வியாபாரத்துக்கு இந்த மறதி உதவாது. ஒருவர் சர்க்கரை ஒரு மூட்டை என்று குறித்துவிட்டுப் பருப்பு உள்ள பக்கத்துக்குப் போவதற்குள் சர்வர் சர்க்கரையை மறந்துவிடும். பாங்கித் தளத்தில் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இப்படி ஒரு கடையை யார் நடத்துவது?

1994-இல் அமெரிக்காவில் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. அந்த ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய நெட்ஸ்கேப் கம்பெனி பிரவுசர் செய்துகொண்டிருந்தது. எம்.சி.ஐ. என்ற டெலிபோன் கம்பெனி இணையத்தில் கடை வைக்க வேண்டி அவர்களிடம் வந்தது. அவர்களுடைய நிபந்தனை வியாபாரிக்கு நன்றாகப் புரியும்: பாதி வாங்கிவிட்டு விட்டுப் போகிறவர்களின் கூடைகளையெல்லாம் எங்கள் சர்வரில் அடுக்கி வைத்துக் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி என்ற பொறியாளர் வழி கண்டார். கூடையின் விவரத்தை ஒரு சிறு சீட்டில் எழுதி வாடிக்கையாளரின் பிரவுசரிடமே கொடுத்துவிடுவது. அவர் அடுத்த தடவை வரும்போது பிரவுசர் சீட்டை நீட்டும். அவரும் ஜான் ஜியானான்ட்ரியாவும் சேர்ந்து முதல் விதிமுறையை எழுதினார்கள். அந்த அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பிலேயே இது இருந்தது. முதலில் பயன்பட்டது கடைக்குக்கூட அல்ல. நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் முன்பே வந்தவரா, புதியவரா என்று பார்க்கத்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பேக்கரியில் விற்கும் குக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் வேலை செய்தவர்கள், ஒருவர் கொடுத்து மற்றவர் பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பித் தரும் சிறு அடையாளத்தை 'மேஜிக் குக்கி' என்று சொல்லி வந்தார்கள். மான்டுல்லி அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15-இல். ஆக, இணையம் நமக்கு வந்து சேரும்போதே குக்கியும் கூடவே வந்துவிட்டது.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

முதல் தடவை ஒரு தளத்துக்குப் போகும்போது சர்வர் பக்கத்தை அனுப்புகிறது. பக்கத்தின் மேல், நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகளில், "இந்தச் சீட்டை வைத்துக்கொள்" என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒரு பெயரும் அதற்கு ஒரு மதிப்பும் இருக்கும். கூடவே எந்தத் தளத்துக்கு உரியது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரங்களும் வரும். பிரவுசர் அதை எடுத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தத் தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் நாம் கேளாமலே சீட்டை இணைத்து அனுப்பும். ஒரு தளம் கொடுத்த சீட்டை வேறு தளத்துக்குக் காட்டாது. ஒரு சீட்டில் சுமார் 4096 எழுத்துதான் கொள்ளும். ஆகவே குக்கியே வைரஸ் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்: அது தானாக எழுந்து ஒன்றும் செய்யாது. அது வெறும் எழுத்து.

மான்டுல்லி முதலில் நினைத்ததுபோலக் கூடையில் உள்ள சாமானையே சீட்டில் எழுதலாம். ஆனால் சீட்டு இருப்பது வாடிக்கையாளர் கையில். விலையையும் அதில் எழுதினால், விவரம் தெரிந்தவர் 900 ரூபாயை 90 ஆக்கி நீட்டலாம். பற்று நோட்டிலேயே இந்த வேலை நடந்து நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். அதனால்தான் நோட்டு வாடிக்கையாளரிடம் இருந்தாலும், கடைச் சிட்டையில் ஒரு வரி போட்டு வைக்கிறோம்.

இணையத்திலும் அதே வழிதான். இன்று பெரும்பாலான தளங்கள் சீட்டில் ஒரு நீண்ட எண்ணை மட்டும் எழுதுகின்றன. யாரும் ஊகிக்க முடியாதபடி தாறுமாறாகப் பொறுக்கி எடுத்த எண். அந்த எண்ணுக்கு உரியவர் யார், கூடையில் என்ன, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் சர்வரின் பேரேட்டில் இருக்கும். முன்பு சலவைக்குப் போகும் துணியில் சேங்கொட்டை மையால் ஒரு குறி போடுவார்கள், ஞாபகம் இருக்கும். மூன்று புள்ளி, ஒரு கோடு. நாம் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சலவைக்காரர் பார்த்தால் எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லிவிடுவார். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்தில் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிடும் இடங்களில் தோலில் துளைக்குறி இடுவதும் இதற்காகத்தான். துணியிலும் தோலிலும் இருப்பது குறி மட்டும். கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

சீட்டுகளில் இரண்டு வகை. பிரவுசரை மூடியதும் போய்விடுவது ஒன்று. தேதி போட்டு, மாதக்கணக்கில் நிற்பது மற்றொன்று. 'என்னை ஞாபகம் வைத்துக்கொள்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறதே, அதில் டிக் அடித்தால் பெரும்பாலும் இரண்டாவது வகைச் சீட்டு எழுதப்படுகிறது. முன்பு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தேதி போட்ட சீட்டுகள்கூட உண்டு. 2022 முதல் குரோம் பிரவுசர் 400 நாளுக்கு மேல் எந்தச் சீட்டையும் வைத்துக்கொள்வதில்லை.

பாங்கித் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் வெளியே தள்ளிவிடுகிறதே, அது எப்படி? நம் கையில் சீட்டு அப்படியேதான் இருக்கும். சர்வர் தன் பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள வரியை அடித்துவிட்டது. குறி இருக்கிறது, கணக்கு இல்லை. இது நமக்குத் தொந்தரவு. ஆனால் திறந்த கல்லாவை விட்டு டீக்குப் போனவருக்கு யாரோ ஒருவர் கல்லாவைச் சாத்தி வைத்த உபகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓச்சேரிக்குப் போன லாரி

இப்போது நம் கதை. நமக்குக் காவேரிப்பாக்கத்தில் கடை. மைத்துனருக்கு ஓச்சேரியில் சிறு கடை. இருவரும் ஒரே கம்பெனியிடம் சோப்பு, சலவைத்தூள் எடுக்கிறோம். அந்தக் கம்பெனி ஆர்டரெல்லாம் தன் தளத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மைத்துனரின் கம்ப்யூட்டர் பழுதாகி, "நீங்களே எனக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்க மாமா" என்று தம் பெயரையும் கடவுச்சொல்லையும் போனில் சொன்னார். (இப்படிச் சொல்வதும் தப்பு, வாங்கிக்கொள்வதும் தப்பு. அது வேறு கட்டுரை.)

நாம் நம் கணக்கில் நுழைந்து ஆர்டர்த் தாளை நிரப்பினோம். அனுப்பவில்லை, ஒரு அயிட்டத்தின் இருப்பைக் குடோனில் பார்த்து வரச் சொல்லிப் பையனை அனுப்பியிருந்தோம். அதற்குள் சும்மா இருப்பானேன் என்று பக்கத்தில் இன்னொரு டேப் திறந்து, மைத்துனர் கணக்கில் நுழைந்து அவருடைய சிறு ஆர்டரைப் போட்டோம். பையன் வந்தான். முதல் டேப்புக்குத் திரும்பினோம். மேலே நம் கடைப் பெயர் அச்சாக இருந்தது. எண்ணிக்கையைச் சரி செய்து அனுப்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் போன்.

"மாமா, லாரி வந்து நிக்குது. எல்லாம் இங்கதான்னு எறக்கச் சொல்றாங்க. இவ்ளோ சோப்பு நான் எப்போ கேட்டேன்? வெக்க எடம் ஏது?"

நடந்தது இதுதான். டேப் இரண்டு என்றாலும் பிரவுசர் ஒன்று. பிரவுசருக்கு அந்தத் தளத்தின் சீட்டுப் பெட்டியும் ஒன்றே. மைத்துனர் பெயரில் நுழைந்த உடனே சர்வர் புதுச் சீட்டைக் கொடுத்தது. அதே பெயருள்ள நம் பழைய சீட்டின் மேல் அது எழுதப்பட்டது. முதல் டேப்பில் நம் கடைப் பெயர் தெரிந்தது உண்மை. அது முன்பே வந்து திரையில் நின்றுவிட்ட பக்கம், போட்டோ மாதிரி. அனுப்பு என்று அமுக்கியபோது பிரவுசர் நீட்டியது மைத்துனரின் சீட்டை. சர்வர் சீட்டைப் பார்த்தது, அவர் பெயரில் பற்று எழுதியது. சில தளங்கள் இப்படி ஆள் மாறியதைக் கண்டுபிடித்து ஆர்டரை மறுத்துவிடும். இந்தத் தளத்தில் அந்த ஏற்பாடு இல்லை. கம்பெனியாரிடம் கேட்டதற்கு, "அவர் கணக்கிலிருந்துதானே வந்தது" என்றார்கள். அவர்கள் பேரேட்டின்படி அது சரிதான்.

சரக்கை மறுபடி வண்டி வைத்துக் காவேரிப்பாக்கத்துக்குக் கொண்டு வந்த கூலி போகட்டும். பெரிய சிக்கல் பில்லில். வரி இல்லாமல் 1,40,000 ரூபாய். அன்று சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் வரி 18 சதவீதம்; அதாவது 25,200 ரூபாய். பில் மைத்துனரின் ஜி.எஸ்.டி. எண்ணில் போடப்பட்டுவிட்டது. சரக்கை விற்று வரி கட்டப் போவது நாம். உள்ளீட்டு வரி வரவு போய்ச் சேர்ந்தது அவருக்கு. கம்பெனி அவர் பெயருக்குக் கிரெடிட் நோட்டுப் போட்டு, நம் பெயருக்குப் புது பில் போட்டால்தான் சரியாகும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் நடந்தோம். அதுவரை 25,200 ரூபாய் நம் கைப்பணத்திலிருந்து போனது. அந்தச் சமயத்தில் வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பி ஒருவர்தான் பிரவுசரில் குக்கிகள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டி விளக்கினார். ஒரே தளத்தில் இரண்டு கணக்கு வேண்டுமானால் இரண்டு வேறு பிரவுசர்களில் திறக்க வேண்டும். ஒன்றின் சீட்டுப் பெட்டி மற்றதற்குத் தெரியாது. அல்லது குரோமிலேயே தனித்தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம். இன்காக்னிட்டோ என்னும் தனி ஜன்னலுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆனால் இரண்டு இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் இரண்டுக்கும் ஒரே பெட்டிதான். அங்கேயும் இதே விபத்து நடக்கும். பல கடைகளின் ரிட்டர்னை ஒரே மேசையில் போடுகிற கணக்கர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீட்டு வைத்திருப்பவரே ஆள்

மேலே சொன்னதிலிருந்தே அடுத்த விஷயம் விளங்கியிருக்கும். சர்வர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சீட்டைத்தான் பார்க்கிறது. நுழையும்போது ஒரு தடவை கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கேட்கிறது, அதன் பிறகு சீட்டுதான் எல்லாம். ஆகவே சீட்டு இன்னொருவர் கைக்குப் போனால் அவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம்.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் 'ஃபயர்ஷீப்' என்று ஒரு சிறு புரோகிராமை வெளியிட்டார். பொது வைஃபையில் உட்கார்ந்திருப்பவர்களின் சீட்டுகள் காற்றில் போவதைப் பிடித்து, ஒரே அமுக்கில் அவர்களுடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் போய்விடலாம் என்று செய்து காட்டினார். அப்போது பல தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைத்து அனுப்பிவிட்டு, சீட்டைத் திறந்த தபால் அட்டைபோல் அனுப்பிக்கொண்டிருந்தன. அதன் பிறகுதான் பெரிய தளங்கள் முழுப் பேச்சையும் பூட்டி அனுப்பும் முறைக்கு வேகமாக மாறின. முகவரியில் எச்.டி.டி.பி.எஸ். என்று கடைசியில் வரும் 'எஸ்' அந்தப் பூட்டைக் குறிக்கிறது.

பாதையில் பிடிக்க முடியாமல் போனதும் திருடர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் கனடாவில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனது. கம்ப்யூட்டர் பற்றிச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் தொழில். விளம்பரம் தருவதாக வந்த ஒரு இ-மெயிலில் இருந்த பைலை ஊழியர் ஒருவர் திறந்தார். பி.டி.எஃப். போல் தெரிந்தது, உள்ளே இருந்தது திருட்டு புரோகிராம். அது பிரவுசரின் சீட்டுப் பெட்டியை அப்படியே அள்ளி அனுப்பிவிட்டது. கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. இரட்டைப் பாதுகாப்பும் குறுக்கே நிற்கவில்லை. வந்தவன் சீட்டைக் காட்டினான், கதவு திறந்தது.

நமக்குத் தினம் வரும் மெயிலில் 'இன்வாய்ஸ்', 'பேமென்ட் அட்வைஸ்' என்று எத்தனை வருகிறது? எதிர்பாராத இடத்திலிருந்து வந்த பைலை, அதுவும் பில்லிங் நடக்கும் கம்ப்யூட்டரில் திறப்பது, ஊர் பேர் தெரியாதவரைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைப்பதற்குச் சமம்.

பிரவுசரின் குறுக்குக் கோட்டை அமுக்கி மூடுவதும் லாக் அவுட் செய்வதும் ஒன்றல்ல. மூடினால் நம் திரை போகிறது. தேதி போட்ட சீட்டு பெட்டியிலேயே கிடக்கும். முறைப்படி லாக் அவுட் கொடுத்தால் நல்ல தளம் தன் பேரேட்டு வரியை அடித்துவிடும். பிறகு சீட்டு யார் கையில் இருந்தாலும் செல்லாது. ஜெராக்ஸ் கடையிலோ, பிறர் ஆபீசிலோ ஒரு அவசரத்துக்கு நுழைந்தவர்கள் இதைச் செய்யாமல் எழுந்து வரக்கூடாது. மறந்து வந்துவிட்டால், பல தளங்களில் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்று ஒரு வசதி உண்டு. வீட்டிலிருந்தே அதை அமுக்கினால் எங்கெங்கோ கிடக்கும் சீட்டெல்லாம் செல்லாததாகிவிடும். சந்தேகம் வந்தால் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆள்

இதுவரை சொன்னது கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே உள்ள சீட்டு. இதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் உள்ள படம், விளம்பரம் எல்லாம் அந்தத் தளத்திலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. செய்தித்தாள் தளத்தில் தெரியும் விளம்பரம் வேறொரு விளம்பரக் கம்பெனியின் சர்வரிலிருந்து வரும். வரும்போது அதுவும் தன் பங்குக்கு ஒரு சீட்டைச் செருகிவிடும். அதே கம்பெனியின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால், நாம் எங்கே போனாலும் அந்தச் சீட்டு அதற்குக் காட்டப்படுகிறது.

பஜாரில் எண்ணெய்க் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை என்று ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரே கம்பெனியின் ஆள் நோட்டோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர் அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் 417-ஆம் நம்பர் ஆசாமி காலையில் சர்க்கரை வியாதி மாத்திரை பார்த்தார், மாலையில் செருப்பு விலை கேட்டார் என்று அவர் நோட்டில் இருக்கும். ஒரு தடவை மிக்ஸி விலை பார்த்தால் ஒரு மாதம் மிக்ஸி விளம்பரம் துரத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாடிக்கையாளர் எந்தப் பொடி வாங்குவார் என்று நமக்கும் தெரியும்தான். அது நம் கடையில் நடந்தது, நம்மோடு இருக்கிறது. பக்கத்துக் கடையில் அவர் என்ன வாங்கினார் என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லை.

பொதுமக்களுக்கு இது முதலில் தெரியவந்தது 1996 பிப்ரவரியில், லண்டன் 'பைனான்சியல் டைம்ஸ்' பத்திரிகை எழுதிய பிறகு. அது வரை பிரவுசர் சீட்டு வாங்குவதை யாரிடமும் சொல்லவே இல்லை. 1997 பிப்ரவரியில் வந்த முதல் பொதுத் தரவிதி மூன்றாம் ஆளின் சீட்டைத் தடுக்க வேண்டும் என்றது. பிரவுசர் கம்பெனிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் முற்றாகத் தடுத்தது. 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தது. கூகுள் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டில் எடுத்துவிடுவோம் என்று அறிவித்து, மேலும் மேலும் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. கூகுளின் வருமானம் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து என்பதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. சென்னையில் தலைமை அலுவலகமும் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஒரு கிளையும் உள்ள ஜோஹோ கம்பெனி, 2023 மே மாதம் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. பெயரே தமிழ். பின்தொடரும் விளம்பரக் கண்காணிப்பைத் தடுப்பதைத்தான் அதன் முக்கிய அம்சமாகச் சொல்கிறார்கள். மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் ஜோஹோ முதல் பரிசான ஒரு கோடி ரூபாயைப் பெற்றது.

'ஏற்கிறீர்களா' என்ற கட்டம் வருவது ஐரோப்பியச் சட்டங்களின் வேலை. அங்கே கேளாமல் சீட்டுக் கொடுத்ததற்காக 2020 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு ஆணையம் கூகுளுக்கு 10 கோடி யூரோவும் அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் அபராதம் போட்டது. நம் நாட்டிலும் 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. கடைக்குச் சொந்தமாகத் தளமோ செயலியோ வைத்திருக்கும் உறுப்பினர்கள், அதைச் செய்து கொடுத்தவரிடம் நம் தளம் என்னென்ன சீட்டுக் கொடுக்கிறது, அதில் மூன்றாம் ஆள் சீட்டு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைப்பது நல்லது. கட்டத்தைக் கண்டால் 'தேவையானவை மட்டும்' என்பதை அமுக்கலாம். கூடையும் நுழைவும் அதற்குள் அடங்கிவிடும். தினமும் குக்கிகளையெல்லாம் துடைத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை என்பது நம் எண்ணம். துடைத்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி நுழைய வேண்டும். அலுத்துப் போய்க் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டுவோம். அது இன்னும் மோசம்.

இப்போது நம் கடையில் ஆர்டர் போடுவதற்கு ஒரு பிரவுசர், பாங்கிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் வேறொரு பிரவுசர். இரண்டாவதில் மெயில் திறப்பதில்லை. ஓச்சேரி மைத்துனர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ஆர்டரை அவரே போடுகிறார். அன்று வந்த சலவைத்தூளில் இரண்டு பெட்டி மட்டும் அவர் கடையிலேயே தங்கிவிட்டது. அதற்குரிய பணத்தை இன்னும் பற்று நோட்டில்தான் எழுதி வைத்திருக்கிறோம்.